ரீகா பாட்டியும் உல்யானா செம்யோனோவாவும்

சோவியத் காலத்துக் கூடைப்பந்து வீராங்கனை உல்யானா செம்யோனோவா ஆடி நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் பார்த்த ஒருவரோடு இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தேன்.

மருத்துவம் படிக்க லாட்வியாவின் ரீகாவுக்குப் போயிருந்தேன். அறை வாடகைக்குக் கொடுத்த பாட்டிக்கு எழுபது தாண்டியிருக்கும். கதவைத் திறந்ததுமே என்னைக் கீழிருந்து மேல்வரை பார்த்துவிட்டு, "பாஸ்கெட்பால்?" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார். என் உயரம் ஐந்தடி பதினொரு அங்குலம். ஊரில் என்னைத் தென்னமரம் என்பார்கள், பள்ளி அணியில் சென்டர், அதாவது கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளாக ஆடினேன், கூடையில் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) எத்தனை முறை எடுத்தாலும் "வளர்ந்திருக்கா, எடுக்கிறா" என்பதோடு முடித்துவிடுவார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனாலேயே அந்தப் பாட்டியை உடனே பிடித்துப்போனது.

பாட்டியின் கணவர் டிராலிபஸ் (மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடும் பஸ்) டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். ரீகாவின் பெண்கள் அணிக்கு டிடிடி என்று பெயர் வந்ததே அங்கிருந்த டிராம், டிராலிபஸ் நிறுவனத்தால்தான், அதனால் டிப்போ குடும்பங்களுக்கு அது சொந்த வீட்டு டீம் மாதிரி. அந்த அணி 1960க்கும் 1982க்கும் இடையில் கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை 18 முறை வென்றது. அதில் ஆடிய செம்யோனோவா 1952-ல் பிறந்தவர், லாட்வியா அப்போது சோவியத் யூனியனில் இருந்ததால் 16 வயதிலேயே சோவியத் அணியோடு ஐரோப்பிய சாம்பியன் ஆகிவிட்டார். ஏறக்குறைய ஏழடி உயரம். ஷூ அளவு, ஐரோப்பியக் கணக்கில், 58! பாட்டி தன் செருப்பைக் கழற்றித் தரையில் வைத்து, அதன் நுனியிலிருந்து முக்கால் சாண் தள்ளி விரலை ஊன்றி, "இவ்வளவு" என்று காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலில் வந்தது 1976-ல், மான்ட்ரியாலில். அங்கே சோவியத் அணி தங்கம் வென்றது, அமெரிக்காவை 112-77 என்று அடித்தார்கள், அதில் செம்யோனோவா மட்டும் 32 புள்ளி. 1980-ல் மாஸ்கோவிலும் தங்கம். உலகக் கோப்பை மூன்று, ஐரோப்பிய சாம்பியன் பட்டம் பத்து, சோவியத் லீக் பதினைந்து. சோவியத் அணிக்காக ஆடிய அத்தனை வருடத்திலும் பெரிய சர்வதேசப் போட்டி ஒன்றில்கூட அவர் தோற்றதில்லை.

சரி, உயரம்தானே என்று நானே ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டேன், ஊரில் கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு. பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. சமையலறையிலேயே எழுந்து நின்று, முதுகில் இரண்டு பேர் தொங்குகிற மாதிரி தோளைக் குறுக்கி, கையை மட்டும் மேலே நீட்டி, வராத பந்தை வாங்கிக் காட்டினார். அப்படி வாங்கின பந்தைக் கீழே இறக்காமல், திரும்பிப் பார்க்காமலே, கூடையை நோக்கி வெட்டி ஓடுகிற சக ஆட்டக்காரருக்குக் கொடுப்பாராம். கூடைக்குப் பக்கத்தில், போஸ்டில் நின்று ஆடியவர்களுக்குத் தெரியும், பந்தைக் கீழே இறக்காமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று. பந்து இறங்கினால் பறிக்கலாம் என்றுதான் குட்டையான ஆட்களின் கைகள் எல்லாம் காத்திருக்கும்.

1987-ல், 35 வயதில், ஸ்பெயினுக்குப் போய் ஆடினார், அப்புறம் பிரான்ஸ். 1993-ல் கூடைப்பந்தின் பெரிய ஆட்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், அமெரிக்கர் அல்லாத பெண்களில் அவர்தான் முதல் ஆள். பாட்டிக்கு இதிலெல்லாம் பெரிய அக்கறை இல்லை. லாட்வியா தனி நாடான பிறகு, வயதாகிக் கஷ்டப்பட்ட பழைய ஒலிம்பிக் வீரர்களுக்கு உதவும் நிதியத்தை செம்யோனோவா நடத்தினாரே, அதைச் சொல்லும்போதுதான் குரல் தழுதழுக்கும்.

ஒரு குளிர்கால மாலை என்னை டிடிடி மேட்சுக்குக் கூட்டிப் போனார். திரும்பும் டிராமில் அன்றைய சென்டர் பெண்ணைப் பற்றி ஒரே புலம்பல். அவ்வளவு லாட்வியப் பேச்சில் எனக்குப் புரிந்தது "அவுக்‌ஷா, அவுக்‌ஷா" மட்டும்தான். மேலே, மேலே. சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார், நானும் தூக்கினேன், என் விரல் டிராமின் கூரையில் இடித்தது.