புதுப்பிப்பு: வன்னியில் பழகி ஒரே நாளில் இரண்டு சிகரங்கள்

இலங்கை மலைநாட்டின் ஹோட்டன் சமவெளியில் கிரிகல்பொத்த (2,388 மீற்றர்), தொட்டுபொல (2,357 மீற்றர்) இரண்டையும் ஒரே நாளில் ஏற, வடக்கில் மலையே இல்லாத வன்னியில் எப்படிப் பழகுவது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நாலு பேரும் ஏறி இறங்கிவிட்டோம்.

கைகொடுத்தது, பதிலில் வந்த, கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில் பழகும் யோசனைதான். முதுகில் தண்ணீர்ப் போத்தல்களோடு ஒரு மாதம் ஏறி இறங்கினோம். ஏறியதைவிட இறங்கிப் பழகியதுதான் முழங்காலைக் காப்பாற்றியது.

கிரிகல்பொத்தவை முதலில் முடிக்கச் சொன்ன அண்ணா சொன்னதும் சரி. போக மட்டும் ஏறக்குறைய 7 கிலோமீற்றர். உச்சிக்குக் கிட்டக் கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. மதியத்துக்குப் பிறகு முகில் மூடிவிட்டது. தொட்டுபொல உச்சியில் பார்த்தது வெறும் வெள்ளை!

எதிர்பாராதது குளிர். வன்னி வெயிலில் காய்ந்த எங்களுக்கு, விடிய சப்பாத்து நாடா கட்டவே விரல் மடங்கவில்லை. கையுறை கட்டாயம்.