ஆர்ஓஇ – பி/பி ஸ்கேட்டர் சார்ட்: எக்ஸ் அச்சில் 1, 2, 3 என்று வருகிறது, என்ன தப்பு?

புள்ளிராஜா:
எக்செல் 2016. ஏ பத்தியில் நிறுவனப் பெயர், பி-யில் ஆர்ஓஇ (பங்குதாரர்களின் பணத்தின் மேல் வரும் லாப சதவீதம்), சி-யில் பி/பி (பங்கு விலை ÷ ஒரு பங்கின் புத்தக மதிப்பு). எட்டு எஃப்எம்சிஜி (சோப்பு, பிஸ்கட் போன்ற அன்றாட நுகர்பொருள்) நிறுவனங்கள்: இந்துஸ்தான் யூனிலீவர், நெஸ்லே இந்தியா, பிரிட்டானியா, டாபர், மாரிகோ, கோல்கேட், ஐடிசி, கோத்ரெஜ் கன்ஸ்யூமர். எண்கள் ஒரு இணையதளத்திலிருந்து காப்பி செய்தவை. மூன்று பத்தியையும் செலக்ட் செய்து இன்சர்ட் → ஸ்கேட்டர் கொடுத்தால் இரண்டு நிறத்தில் புள்ளிகள் வருகின்றன. எக்ஸ் அச்சில் ஆர்ஓஇ இல்லை, 1 முதல் 8 வரைதான் இருக்கிறது.

கட்டம்போட்டவர்:
பெயர்ப் பத்தியைச் சேர்த்து செலக்ட் செய்ததால் எக்செல் பெயரை எக்ஸ் என்று எடுத்துக்கொண்டது. பி, சி இரண்டும் தனித்தனி சீரிஸ் ஆகிவிட்டன, அதனால்தான் இரண்டு நிறம். பி, சி மட்டும் செலக்ட் செய்யுங்கள். இரண்டில் இடப்பக்கம் உள்ள பத்திதான் எக்ஸ்.

அப்படிச் செய்தும் 1, 2, 3 மாறவில்லை என்றால் பி-யில் ஏதோ ஒரு செல் எண் இல்லை, எழுத்து. ஒரே ஒரு செல்லில் எழுத்து இருந்தாலும் போதும், எக்செல் மொத்த எக்ஸையும் தூக்கி எறிந்துவிட்டு 1, 2, 3 என்று எண்ண ஆரம்பித்துவிடும். காலி செல்லில் =கவுன்ட்(பி2:பி9) போட்டுப் பாருங்கள். 8 வரவேண்டும். 7 வந்தால் ஒன்று எழுத்து.

வெப்சைட்டிலிருந்து ஒட்டினால் எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி தொற்றிக்கொண்டு வரும். அது ஸ்பேஸ் பார் தட்டினால் வருகிற இடைவெளி இல்லை, டிரிம் ஃபார்முலாவுக்கு அசையாது. செல்லுக்குள் போய் அந்தக் கடைசி இடைவெளியை மட்டும் காப்பி செய்து, கன்ட்ரோல் + எச், மேல் பெட்டியில் ஒட்டி, கீழ்ப் பெட்டியைக் காலியாக விட்டு ரீப்ளேஸ் ஆல். இதைச் செய்யும்போது இன்னொன்றையும் பாருங்கள்: "45%" என்று வந்தது 0.45 ஆகவும், "45" என்று வந்தது 45 ஆகவும் ஒரே பத்தியில் கலந்து கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்குங்கள்.

புள்ளிராஜா:
கவுன்ட் 6 வந்தது! சரிசெய்தாயிற்று, சார்ட் வந்துவிட்டது, நன்றி. இப்போது ஆறு புள்ளிகள் இடப்பக்க மூலையில் ஒட்டிக்கொண்டு, நெஸ்லேயும் கோல்கேட்டும் மட்டும் வலது மேல் மூலைக்கு ஓடிவிட்டன. ட்ரெண்ட்லைன் போட்டால் ஆர் ஸ்கொயர் (கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1-ஐ ஒட்டி வருகிறது. இவ்வளவு நன்றாகப் பொருந்துவதால் கோட்டுக்குக் கீழே உள்ளவை மலிவு என்று எடுக்கலாமா? புள்ளிமேல் பெயர் வர வைப்பது எப்படி?

கட்டம்போட்டவர்:
பெயர்: புள்ளியில் ரைட் கிளிக் → ஆட் டேட்டா லேபிள்ஸ் → ஃபார்மட் டேட்டா லேபிள்ஸ் → "வேல்யூ ஃப்ரம் செல்ஸ்" டிக் செய்து ஏ2:ஏ9 கொடுங்கள், ஒய் வேல்யூ டிக்கை எடுத்துவிடுங்கள். 2013-லிருந்து உள்ள வசதி. 2010-இல் திறப்பவருக்குப் பெயருக்குப் பதில் சதுர அடைப்புக்குள் "செல்ரேஞ்ச்" என்றுதான் தெரியும்.

ஐந்தொகை:
மலிவு என்று எடுக்க வேண்டாம். அந்த ஆர் ஸ்கொயரில் பெரும்பகுதி வெறும் வகுத்தல் வேலை.

ஆர்ஓஇ = லாபம் ÷ நிகர மதிப்பு (சொத்திலிருந்து கடனைக் கழித்தது, அதாவது புத்தக மதிப்பு). பி/பி = சந்தை மதிப்பு ÷ நிகர மதிப்பு. இரண்டுக்கும் கீழே ஒரே எண். ஒரு நிறுவனத்தின் நிகர மதிப்பு சிறியது என்றால் இரண்டு விகிதமும் சேர்ந்தே ஏறும், வியாபாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும். பொது வகுஎண் இப்படிப் பொய்த் தொடர்பு காட்டும் என்று கார்ல் பியர்சன் 1897-லேயே எழுதிவிட்டார்.

இன்னொரு விதமாகப் பாருங்கள்: பி/பி = பி/இ (சந்தை மதிப்பு ÷ லாபம்) × ஆர்ஓஇ. ஆக உங்கள் படத்தில் பூஜ்யப் புள்ளியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு நேர்கோடும் ஒரு பி/இ. ஆர்ஓஇ 20%, பி/பி 10 என்றால் பி/இ 50. ஆர்ஓஇ 80%, பி/பி 40 என்றாலும் பி/இ 50தான். எங்கேயோ தூரத்தில் தெரிகிற இரண்டு புள்ளிகளும் ஒரே விலையில் இருக்கலாம்.

உங்கள் பட்டியலிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் ஜிஎஸ்கே கன்ஸ்யூமர் (ஹார்லிக்ஸ் வைத்திருந்த நிறுவனம்) இந்துஸ்தான் யூனிலீவருடன் இணைந்தது. ஒரு ஜிஎஸ்கே பங்குக்கு 4.39 யூனிலீவர் பங்கு. புதுப் பங்கு கொடுத்து வாங்கியதால் நிகர மதிப்பு 2020 மார்ச்சில் சுமார் 8,000 கோடியாக இருந்தது, 2021 மார்ச்சில் 47,000 கோடியைத் தாண்டியது. லாபமும் கூடியது. ஆனால் ஆர்ஓஇ 80 சதவீதத்துக்கு மேலிருந்து 20-க்குக் கீழே விழுந்தது. சோப்பும் ஷாம்பும் விற்பனை படுத்துவிட்டதா? இல்லை. நிகர மதிப்பில் கூடியதில் பெரும்பங்கு குட்வில்லும் (நிறுவனத்தை வாங்கும்போது அதன் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை) பிராண்டு மதிப்பும்.

ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) அந்த இரண்டு வரியையும் நிகர மதிப்பிலிருந்து கழித்து இரண்டு விகிதத்தையும் மறுபடி போடுங்கள். புள்ளி அதே பி/இ கோட்டின் மேலேயே வலப்பக்கம் ஏறிப்போகும், கோட்டை விட்டு நகராது. எட்டு நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள், ஒன்றுக்கு மட்டும் செய்தால் ஒப்பீடே இல்லை.

ஒய் அச்சில் பி/பி-யை எடுத்துவிட்டு பி/இ வையுங்கள். எக்ஸில் ஆர்ஓஇ அல்லது ஐந்தாண்டு லாப வளர்ச்சி. ஆர் ஸ்கொயர் பொத்தென்று விழும். விழட்டும். நெஸ்லே, கோல்கேட் இரண்டையும் எடுத்துவிட்டும் ஒருமுறை பாருங்கள். எட்டுப் புள்ளியில் இரண்டு தூரத்தில் நின்றால் கோட்டைப் போடுவது அந்த இரண்டும்தான்.

மார்ச்31:
நெஸ்லே எண் எந்த ஆண்டறிக்கையில் எடுத்தது? டிசம்பரில் கணக்கு முடித்துக்கொண்டிருந்தவர்கள் மார்ச்சுக்கு மாறினார்கள். அதற்காக 2023 ஜனவரி முதல் 2024 மார்ச் வரை 15 மாதம் ஒரே கணக்காண்டு. அந்த லாபத்தை அப்படியே மற்றவர்களின் 12 மாத லாபத்தோடு வைத்தால் கால்பங்கு தூக்கலாக இருக்கும். கடைசி நான்கு காலாண்டைக் கூட்டிப் போடுங்கள்.

எல்லோருக்கும் கன்சாலிடேட்டட் (துணை நிறுவனங்களையும் சேர்த்த) கணக்கா என்றும் பாருங்கள். கோத்ரெஜுக்கு வெளிநாட்டு வியாபாரம் பெரிது, ஸ்டாண்ட்அலோன் (தாய் நிறுவனம் மட்டும்) எடுத்தால் ஆளே மாறிவிடும்.

புள்ளிராஜா:
அதே 15 மாத அறிக்கைதான் 😬 மாற்றுகிறேன். மூலையில் ஒட்டியிருப்பதைப் பிரிக்க லாக் ஸ்கேல் (ஒவ்வொரு படியும் 10 மடங்காகக் கூடும் அச்சு) போடலாமா? இதே ஷீட்டில் வங்கிகளையும், நஷ்டத்தில் உள்ள ஒரு நிறுவனத்தையும் சேர்க்க ஆசை.

கட்டம்போட்டவர்:
போடலாம். ஃபார்மட் ஆக்சிஸ் → லாகரித்மிக் ஸ்கேல், இரண்டு அச்சுக்கும். மினிமம் 10, மேக்ஸிமம் 200 போல நீங்களே கொடுங்கள், இல்லாவிட்டால் 1-லிருந்து ஆரம்பித்து பாதிப் படம் காலியாகக் கிடக்கும். லீனியர் ட்ரெண்ட்லைன் அதில் வளைந்து தெரியும். பவர் ட்ரெண்ட்லைன் நேராக வரும்.

நஷ்ட நிறுவனத்தை லாக் அச்சில் வைக்க முடியாது, அச்சில் எதிர்ம எண்ணுக்கு இடமே கிடையாது. சாதாரண அச்சிலும் மைனஸ் பி/இ பொருளற்றது: நஷ்டம் குறையக் குறைய மைனஸ் 20, மைனஸ் 200 என்று இன்னும் கீழே போகும். அவர்களைச் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் பி/இ-யைத் தலைகீழாக்கி லாபம் ÷ சந்தை மதிப்பு வையுங்கள். அது பூஜ்யத்தை ஒழுங்காகக் கடக்கும்.

ஐந்தொகை:
வங்கிகளுக்குத் தனிப் படம். அவர்களுக்கு ஆர்ஓஇ – பி/பி நல்ல ஜோடிதான், புத்தக மதிப்பில் பெரும்பாலும் அவர்கள் கொடுத்த கடன்களும் பத்திரங்களும்தான் இருக்கும், குட்வில் தொல்லை குறைவு. கடன் ÷ பங்குமூலதனம் அச்சில் மட்டும் வங்கியைக் கொண்டுவராதீர்கள். டெபாசிட் என்பதே அவர்களுக்குக் கடன், மற்ற எல்லாப் புள்ளிகளும் ஓரத்தில் நசுங்கிவிடும்.

கட்டம்போட்டவர்:
கடைசியாக ஒன்று. லேபிள் கொடுத்த பிறகு வரிசைப்படுத்த வேண்டுமென்றால் ஏ, பி, சி மூன்றையும் சேர்த்து வரிசைப்படுத்துங்கள். பி-யை மட்டும் வரிசைப்படுத்தினால் எக்செல் எச்சரித்துவிட்டு செய்துவிடும். மாரிகோவின் புள்ளிமேல் ஐடிசி என்று எழுதியிருக்கும், படத்தைப் பார்த்தால் தெரியவே தெரியாது.