திருக்கை முள்ளும் வெந்நீரும்: அனுபவப் பகிர்வு

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர்:

எங்கள் கரையில் கடல் ஆழமில்லாதது என்பதால், நண்டு வலையை எடுப்பதற்கு இடுப்பளவு நீரில் நடந்தே போய்விடுவோம். சென்ற பங்குனியில் அப்படிப் போனபோது, மணலுக்குள் புதைந்து கிடந்த திருக்கை ஒன்றின் மேல் காலை வைத்துவிட்டேன். வால் சுழன்றதை நான் பார்க்கவே இல்லை. கணுக்காலுக்கு மேலே உளியால் அடித்தாற்போல் ஓர் அதிர்ச்சியும், அதைத் தொடர்ந்து கொள்ளிக்கட்டையை வைத்துத் தேய்ப்பது போன்ற எரிச்சலும்தான் தெரிந்தன. கரையேறிப் பார்த்தபோது காயம் ஒரு விரற்கணு நீளமே இருந்தது. ஆனால் அதன் விளிம்பு வெளிறி, சுற்றிலும் கருநீலம் படர்ந்து, சாம்பல் நிறத்தில் கோழை போன்ற துணுக்குகள் உள்ளே ஒட்டியிருந்தன. கால் மணி நேரத்தில் கணுக்கால் எலும்பு இருக்கும் இடம் தெரியாத அளவுக்கு வீங்கிவிட்டது. பொழுது சாய்வதற்குள் வலி விண்விண்ணென்று தெறித்துத் தொடைவரை ஏறி, இடுக்கில் நெறியும் கட்டியது.

உடன் வந்தவர்கள் கெண்டைக்காலைக் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தார்கள். வீட்டு வாசலிலேயே அப்பத்தா அந்தக் கட்டை அவிழ்க்கச் சொல்லி, "கட்டுனா விஷம் அங்கயே நின்னு சதையத் தின்னுரும்யா, கால வெந்நியில வை" என்று அதட்டினார். உலைத் தண்ணீரை வாளியில் விளாவி, தம் முழங்கையை விட்டுச் சூடு பார்த்த பிறகே என் காலை இறக்கவிட்டார். பத்து நிமிடத்தில் வலி பாதியாகத் தணிந்தது. காலை வெளியே எடுத்தால் மீண்டும் ஏறியது. ஆற ஆறத் தண்ணீரை மாற்றி ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தோம். மறுநாள் எக்ஸ்ரேயில் முள்ளின் முறிந்த நுனி தெரிந்து, அதை அறுத்து எடுத்தார்கள். இப்போதெல்லாம் காலைத் தூக்கி வைக்காமல், மணலை உரசியபடியேதான் நடக்கிறேன். அந்த அதிர்வு கேட்டால் திருக்கை தானே விலகிவிடும்.

கடலோர மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்:

உங்கள் அப்பத்தா செய்தது முற்றிலும் சரி. திருக்கை முள்ளின் இரு ஓரங்களிலும் அரம்பப் பற்கள் உண்டு. அதன் அடிப்பக்கப் பள்ளங்களில் நஞ்சுத் திசு இருக்கிறது. எல்லாவற்றையும் மூடியுள்ள மெல்லிய தோலுறை, குத்தும்போது கிழிந்து காயத்திற்குள்ளேயே தங்கிவிடுகிறது. நீங்கள் கண்ட துணுக்குகள் அவைதாம். அந்த நஞ்சின் புரதங்கள் உயிரணுக்களைச் சிதைக்க, ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் வெளிப்பட்டு, நுண்குழாய்கள் விரிந்து நீர் கசிந்து வீக்கம் உண்டாகிறது. வேறு மீன்களின் நஞ்சு நேரடியாகவே வலியை எழுப்புவதும் உண்டு: பிரேசிலின் நிக்கிம் என்ற நச்சு முள் மீனை ஆராய்ந்த அந்நாட்டுப் புட்டாண்டான் ஆய்வு நிறுவனத்தார், அதன் நஞ்சிலுள்ள நாட்டெரின் என்ற புரதங்கள் நம் இரத்தத்திலுள்ள கினினோஜன் என்ற புரதத்தை வெட்டி, வலி நரம்பைத் தூண்டும் கினின்களை விடுவிப்பதைக் கண்டறிந்தார்கள். சிறு காயத்துக்கு இவ்வளவு வலியா என்று வருபவர்கள் திகைப்பதற்குக் காரணம் இத்தகைய நஞ்சுகளே.

ஓரா, கெளுத்தி, கல்மீன் ஆகியவற்றின் நஞ்சும் சூட்டில் கெடக்கூடியதுதான். 45 டிகிரிக்கு மேற்படாத நீரில் 30 முதல் 90 நிமிடம் வைக்கலாம். ஆனால் சூட்டை அடிபடாத கையால் பார்க்க வேண்டும். மரத்துப்போன காலுக்குக் கொதிநீரும் தெரியாது, வெந்து கொப்பளித்த கால்களை நான் பார்த்திருக்கிறேன். டெட்டனஸ் ஊசியைத் தவிர்க்காதீர்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் வெந்நீருக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முள்ளையும் நீங்களாகப் பிடுங்க வேண்டாம்.

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர்:

எனக்குக் குத்தியது கடல் மீன் அன்று, தேளி. தேள் என்ற பெயரே அதில் இருக்கிறது. குளம் இறைத்துச் சேற்றில் துழாவுகையில் பக்கத் துடுப்பின் முள் கட்டைவிரலடியில் ஏறியது. வெந்நீர் பற்றித் தெரியாமல் விடியவிடியப் பனிக்கட்டியைச் சுற்றிவைத்திருந்தேன். வலி சற்றும் தணியவில்லை, விரல்களை மடக்க நான்கு நாள் ஆயிற்று. இப்போது குளம் இறைக்கும் நாளில் கரையிலேயே அடுப்பு மூட்டி, ஒரு பானைத் தண்ணீரைச் சூடாக்கி வைத்த பிறகுதான் சேற்றில் இறங்குகிறோம்.