பர்ல்: 'புரிக்கண்ணி'யா, 'மறுகண்ணி'யா?

> பர்ல் என்பது முறுக்கிய இழை என்ற பொருளில் வந்த சொல். 'புரிக்கண்ணி' என்றே வைக்கலாம். ஒலியும் ஒத்துவருகிறது.

ஐயா, வணக்கம்.

ஊசியால் நூல் பின்னும் நிட்டிங் வேலையில் நிட், பர்ல் என்று இரண்டு அடிப்படைக் கண்ணிகள் (ஸ்டிச்) உண்டு. அவற்றில் பர்லுக்குத் தமிழ்ப் பெயர் சொன்ன உங்கள் மடலைப் படித்ததும் ஊசியை எடுத்து நாலு வரி பின்னிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பொன், வெள்ளிக் கம்பியை முறுக்கிய பூவேலை இழைக்குப் பர்ல் என்று பெயர் இருந்தது உண்மைதான். ஆனால் பர்ல் போடும்போது கை எதையும் முறுக்குவதில்லை. நூலை முன்னால் வைத்துக்கொண்டு, வளையத்தைப் பின்பக்கமாக வெளியே எடுக்கிறோம், அவ்வளவே. 'புரி' என்று கேட்டால் நம்மவர்களுக்குக் கயிறுதான் நினைவுக்கு வரும். புதிதாகக் கற்பவர் நூலை முறுக்கத் தொடங்கிவிடுவார்.

நிட் என்ற சொல்லும் இப்படித்தான். முடிச்சுப் போடுவதைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. பின்னலில் முடிச்சு ஏது? நூல் முனையைப் பிடித்து இழுத்தால் தொப்பி முழுக்கப் பிரிந்து வந்துவிடுகிறதே. அதனால் வேரைப் பார்க்காமல் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம் என்பது என் கருத்து.

'கண்ணி' என்று நீங்கள் எடுத்தது மிகச் சரி, அதை விடவே கூடாது. ஸ்டிச் என்றதும் 'தையல்' என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே தைப்பதே இல்லை, வளையத்துக்குள் வளையத்தை இழுக்கிறோம். புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ கடலூர் தேவனாம்பட்டினத்திலோ வலை சீர் செய்பவர்களிடம் கண்ணி என்றால் விளக்கவே வேண்டாம். பிரெஞ்சிலும் வலைக்கண்ணிக்கும் பின்னலின் கண்ணிக்கும் 'மாய்' என்று ஒரே சொல்தான். புதுச்சேரிக்காரியான எனக்கு இது அத்தனை மகிழ்ச்சி! நிட்டுக்கு அவர்கள் 'மாய் ஆந்த்ருவா', பர்லுக்கு 'மாய் ஆன்வேர்' என்கிறார்கள்: துணியின் நல்ல பக்கம், மறுபக்கம். இந்தியிலும் 'சீதா' (நேர்), 'உல்ட்டா' (மறுபக்கம்) என்றுதான்.

காரணம் எளிது. இரண்டும் ஒரே கண்ணிதான், பார்க்கும் பக்கம்தான் வேறு. வீட்டில் இருக்கும் பனியனை உற்றுப் பாருங்கள். வெளியே சின்னச் சின்ன 'வி' எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிப்போகும். உள்ளே திருப்பினால் அதே கண்ணிகள் குறுக்கே வளைந்த மேடுகளாகத் தெரியும். என்னிடம் மாலையில் பின்னல் கற்க வரும் ஒரு பெண் முதல் நாள், "அக்கா, நான் நிட்தானே போட்டேன், இந்தப் பக்கம் பர்லா இருக்கே!" என்று பதறிவிட்டாள். பெயரே 'மறுகண்ணி' என்று இருந்திருந்தால் அந்தப் பதற்றம் வந்திருக்காது.

ஆகவே நிட்டுக்கு நேர்க்கண்ணி, பர்லுக்கு மறுகண்ணி. 'மறு' என்றால் 'மீண்டும்' என்று ஆகாதா எனக் கேட்கலாம். மறுகரை, மறுகன்னம் என்கிறோமே, அந்த மறுதான். அகக்கண்ணி, புறக்கண்ணி என்றும் யோசித்தேன். சட்டையைத் திருப்பிப் போட்டால் எது அகம் என்று குழம்பும், விட்டுவிட்டேன். கண்ணிவெடி நினைவுக்கு வருகிறது என்று இன்னொரு மடலில் பார்த்தேன். சங்கப் பாட்டில் தலையில் சூடும் பூவும் கண்ணிதான், தாயுமானவர் பாடியதும் பராபரக்கண்ணிதான். சொல்லைத் தயங்காமல் எடுக்கலாம்.

நேற்று குழந்தைத் தொப்பியின் விளிம்புக்கு '2 நேர், 2 மறு, வரி முடியும் வரை' என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். நாலு பேரும் என்னிடம் ஒன்றும் கேட்காமல் பின்னி முடித்தார்கள். 'ரிப்' என்கிற அந்த வரிவரியான விளிம்பு நன்றாக இழுபடுகிறது.