மைக் பிடிக்க வராதவனுக்கு என்ன ஊழியம்?

பாளைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சபை. லாரி ஷெட்டில் வயரிங் வேலை பார்க்கிறேன். வாலிபர் கூட்டத்தில் "நீ என்ன ஊழியம் செய்கிறாய்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு மைக்கைக் கொடுத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், பஸ்ஸில் கைப்பிரதி கொடுக்கவும் கூச்சம். எங்கள் தெருவில் ஒரு தாத்தா பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். கிறிஸ்தவர் இல்லை. பாட்டியால் அவரைத் தூக்க முடியாது. வேலை முடிந்து போய் உட்கார வைப்பேன், குளிப்பாட்டுவேன், அவ்வளவுதான். "சுவிசேஷம் சொன்னாயா?" என்கிறார்கள். சொல்லவில்லை. அப்படியானால் இது கணக்கில் வராதா?

வசனப்பிரியன்:
பிரதர், தப்பாக எடுக்க வேண்டாம். கேள்விப்படாமல் எப்படி விசுவாசிப்பார்கள் என்று பைபிளில் ரோமர் 10 கேட்கிறதே. நல்லது எல்லா மதத்துக்காரரும்தான் செய்கிறார்கள்.

பழைய நர்ஸ்:
தம்பி, நான் வேலூரில் நர்சிங் படித்தவள். ஐடா ஸ்கடர் என்ற பெண் டாக்டர் 1900-ல் ஒரே கட்டிலோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. அதற்கு முன்பு திண்டிவனத்தில், ஒரே ராத்திரியில் மூன்று பேர் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு அவர் வீட்டுக்கு வந்தார்கள். அவருடைய அப்பா டாக்டர், ஆனால் ஆண் டாக்டர் பிரசவம் பார்ப்பதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். இந்துக்கள், முஸ்லிம். அந்த ராத்திரிதான் ஐடாவை டாக்டருக்குப் படிக்க வைத்தது.

மத்தேயு 25-ஐ எடுத்துப் பார். பசிக்குப் போஜனம் கொடுத்தாயா, வியாதியில் விசாரிக்க வந்தாயா என்பதுதான் அங்கே கேள்வி. அதைச் செய்தவர்களோ, "ஆண்டவரே, எப்பொழுது?" என்று முழிக்கிறார்கள். அவர்கள் கணக்கே வைத்திருக்கவில்லை. நீ ஏன் வைக்கிறாய்?

வசனப்பிரியன் தம்பி, 1 பேதுரு 3:15-ஐயும் சேர்த்துப் படியுங்கள். விசாரித்துக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத்தான் அதில் சொல்லியிருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர் நன்றிக்கடனுக்காக எதற்கும் தலையாட்டுவார். வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பிடிக்காது. தாத்தாவே கேட்டால் தாராளமாகச் சொல்லட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாத்தாவை ஒரே பக்கமாகப் படுக்க விடாதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், பகலில் பாட்டிக்குப் பக்கத்து வீட்டில் ஆள் ஏற்பாடு செய். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதியைத் தினமும் பார். சிவந்திருந்தால் தேய்க்காதே. விழுந்துபோன கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். சாப்பாடு நிமிர்ந்து உட்கார வைத்துத்தான், முடிந்ததும் அரைமணி நேரமாவது அப்படியே இருக்கட்டும்.

கீழத்தெரு:
நான் சாமி கும்பிடுகிற ஆள். என் அம்மா படுத்திருந்தபோது சர்ச்சுக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்கா தினமும் வந்து தலைவாரி விடுவார். மதம் பேசியதே இல்லை. அவர்கள் சர்ச்சில் ஊருக்கே போடுகிற விருந்தான அசனச் சாப்பாடு மட்டும் தூக்குவாளியில் தவறாமல் வரும், அதில் கத்தரிக்காய் ஏ ஒன்!

பாளைக்காரன்:
நன்றி அக்கா. தாத்தா நல்ல கனம். நான் ஒருத்தனாக எப்படிப் புரட்டுவது?

பழைய நர்ஸ்:
பழைய வேட்டியை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடைவரை அவருக்கு அடியில் விரித்து வை. எட்டி இருக்கும் முழங்காலை மடக்கு, வேட்டியின் எட்டிய ஓரத்தைப் பிடித்து உன் பக்கமாக உருட்டு. முதுகுக்குப் பின்னால் தலையணை கொடு. உன் முழங்காலையும் மடக்கி நின்றுகொள், இல்லாவிட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.