மனவடு பார்க்கும் டொக்டரிடம் போனது – மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் இருந்தால் எழுதுங்கள்

வடக்குவாசல்:

நானே தொடங்குகிறேன். 2011. அம்மாவுக்குத் தலையிடி, நெஞ்செரிவு, நித்திரை இல்லை, ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று எண்ண முடியாத பெருமூச்சு. யுத்தம் முடிந்து சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் இருந்து வந்தவர்களின் வீட்டில் இதெல்லாம் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தலைக்கு ஸ்கான், வயிற்றுக்குக் குழாய் விட்டுப் பார்த்தல், இரண்டு தரம் கண் டொக்டர், எல்லாம் முடிந்து கடைசியில்தான் ஒருவர் மனநலக் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தார். அம்மா வரமாட்டேன் என்று நின்றார். 'எனக்கு விசரெண்டு சொல்லப் போறியோ' என்ற அந்த ஒரு கேள்வியிலேயே ஒரு மாதம் போனது.

டொக்டர் இளம் ஆள். யுத்தம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. நித்திரை, சாப்பாடு, கிணற்றடி, ஆடு என்று கதைத்துக்கொண்டே போனவர், 'மற்ற மகனுக்கு என்ன சாப்பாடு அம்மா பிடிக்கும்?' என்று கேட்டார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் இரண்டு வருடமாகக் கண்டதில்லை. குழல் புட்டு, நண்டுக் குழம்பு, அதுவும் முருங்கை இலை போட்டு என்று சொல்லிக்கொண்டே போகிறார். நான் பெரிய ஆள் மாதிரி நடுவில் புகுந்து, 'அவன் எங்கட வீட்டில நல்லாச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் டொக்டர்' என்றேன்.

இருந்தவன்.

டொக்டரின் பேனை நின்றது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுதத்தான் இந்த இழையைத் தொடங்கினேன், ஆனால் இப்போது அதை எழுத வரவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். தம்பி காணாமல் போனவன். 'பிடிக்கும்' என்பதை உயிரோடு இருப்பவனுக்கும் சொல்லலாம், செத்தவனுக்கும் சொல்லலாம். டொக்டர் அதைத் தெரிந்துதான் அப்படிக் கேட்டாரா, வாய்க்கு வந்ததைக் கேட்டாரா என்று இன்றைக்கும் தெரியாது.

---

பழைய நர்ஸ்:

தம்பி, தெரிந்துதான் கேட்டிருப்பார். எங்கட பக்கத்து டொக்டர்மார் படித்த பள்ளிக்கூடம் அப்படி. பேராசிரியர் தயா சோமசுந்தரத்தைப் பற்றி இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவம் படிப்பித்தவர். சண்டைக்குள்ளே இருந்துகொண்டே நோயாளரைப் பார்த்து 1998 இல் ஒரு புத்தகம் எழுதினார். எங்கட சனம் 'எனக்குக் கவலை' என்று சொல்லிக்கொண்டு வராது, உடம்பில்தான் சொல்லும், தலையிடி, நெஞ்சுக்குள் எரிவு, பெருமூச்சு என்று, அதை வைத்தியர் கேட்கப் பழக வேண்டும் என்பதை அவர் திரும்பத் திரும்ப எழுதியவர். உங்கள் அம்மாவை ஸ்கானுக்கு அனுப்பியவர்கள் அதை வாசிக்கவில்லை போல.

என்னுடைய கதை சின்னது. நான் தாதியாக இருந்த காலத்தில் மனநலப் பிரிவில் தளர்வுப் பயிற்சி நடக்கும். பாய் விரித்து எல்லோரையும் சாந்தி ஆசனத்தில் படுக்கவைத்து, காலில் இருந்து தலைவரை ஒவ்வொரு இடமாகத் தளரவிடச் சொல்லி, கடைசியில் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் சமயத்துச் சொல் ஒன்றை மெதுவாகச் சொல்ல வேண்டும். சைவக்காரர் ஓம், வேதக்காரர் யேசுவே, முஸ்லிம் என்றால் சுபஹானல்லாஹ். ஒரு நாள் மூலையில் படுத்திருந்த ஐயா ஒருவர் 'லட்சுமி, லட்சுமி' என்றார். அம்மன் பேர்தானே என்று விட்டுவிட்டோம். முடிந்த பிறகு கேட்டால், அது மாடு. 1995 ஒக்டோபர் 30, எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட அன்று கட்டை அவிழ்த்து விட்டுவிட்டு வந்த மாடு. பயிற்சி நடத்திய டொக்டரிடம் போய் 'ஐயா மாட்டின்ர பேரைச் சொல்றார், மாத்தச் சொல்லட்டோ' என்று நான் கேட்டேன். 'ஏன்?' என்றார், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உங்கள் அம்மாவுக்கும் இதைப் பழக்கலாம். காலையில் வெறுவயிற்றில், 20 நிமிடம், காற்றோட்டமான இடம், பாய் மட்டும் போதும், மெத்தை வேண்டாம். முதல் கிழமை மூச்சை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள், உள்ளே போவதையும் வெளியே வருவதையும். கண்ணை மூடினால் பழைய காட்சி வருகிறது என்றால் திறந்துகொண்டே செய்யட்டும், வற்புறுத்த வேண்டாம். தேத்தண்ணியைக் குறைக்க வேண்டும், பின்னேரம் 4 மணிக்குப் பிறகு அறவே வேண்டாம். பகலில் நித்திரை கொள்ள விடாதீர்கள். தனிய விடாதீர்கள். கோயிலுக்குப் போகிறவரா? போகிறவர் என்றால் நல்லது.

---

ஸ்காபரோ மச்சான்:

நர்ஸ் அக்கா, குறை நினைக்காதீர்கள், ஆனால் மூச்சை இழுத்து விட்டால் ஷெல் குண்டுச் சத்தம் போய்விடுமா? எனக்குப் போகவில்லை. இங்கே கனடாவில் பனிக்காலத்தில் விடியப்புறம் 3 மணிக்குத் தெருவில் பனி வழிக்கிற வண்டி இரும்பை உரசிக்கொண்டு வரும். முதல் வருடம் அந்தச் சத்தத்துக்கு மகளையும் இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டேன். அவளுக்கு 4 வயது, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

இங்கே மனநல டொக்டரிடம் அனுப்பினார்கள். மொழிபெயர்க்க ஒரு பெடியன், சென்னையில் இருந்து புதிதாக வந்தவன். நான் 'எங்கட வீட்டுக்கு முன்னால ஷெல் அடிக்கத் தொடங்கினவுடன' என்றேன். பெடியன் என்னை நிறுத்தி மரியாதையாகக் கேட்டான், 'சார், பெட்ரோல் பங்க்கா?' அவனுடைய ஊரில் ஷெல் என்றால் பெட்ரோல் கொம்பனி, அடிக்கிறது என்றால் பெட்ரோல் அடிக்கிறது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். டொக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எதையோ எழுதினார்.

ஆறு மாதம் கழித்து வேறொரு அலுவலுக்கு அறிக்கையின் பிரதி எடுத்தபோதுதான் அந்த வரியைக் கண்டேன்: சம்பவத்தை விவரிக்கும்போது பொருத்தமில்லாமல் சிரிக்கிறார். அது இன்னும் என்னுடைய பைலில்தான் இருக்கிறது. யாரிடம் சொல்லி அழிப்பது?

ஆனாலும் சொல்கிறேன், என்னைத் தூக்கி நிறுத்தியது இந்தக் கனடா வைத்தியம்தான். நடந்ததைத் திரும்பத் திரும்ப, ஆரம்பத்தில் இருந்து கடைசிவரை வாய்விட்டுச் சொல்லவைத்தார்கள். ஒவ்வொரு முறையும் செத்துப் பிழைத்தேன். இந்த மனவடு நோய்க்கு பி.டி.எஸ்.டி. என்ற பெயரே 1980 இல்தான் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேட்டில் வந்தது, வியட்நாமில் இருந்து திரும்பிய படையினர் கத்திக் கத்தித்தான் வரவைத்தார்கள். அந்த ஆராய்ச்சியின் பலனை விட்டுவிட்டு மாட்டின் பெயரைச் சொல்லு என்றால் எப்படி?

---

கல்லடிப்பாலம்:

மச்சான், ரெண்டையும் எங்கட பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு முகாம் ஒன்றில் யுத்தத்தையும் கடலையும் கண்ட 31 பிள்ளைகள். ஒரு பகுதிக்கு நடந்ததைக் கதையாகச் சொல்லவைக்கிற முறை, மற்றப் பகுதிக்குத் தியானமும் தளர்வும், ஆளுக்கு 6 தடவை, செய்தது உள்ளூரில் பயிற்சி பெற்றவர்கள். 6 மாதம் கழித்துக் கதை சொன்னவர்களில் 81 வீதமும் தளர்வு செய்தவர்களில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். 31 பிள்ளைகளில் அந்த வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை. ஆகவே அக்காவும் சரி, நீங்களும் சரி, சண்டையை விடுங்கள்.

நான் ஆசிரியர், உளவளத்துணைப் பயிற்சி எடுத்தவன். அந்தக் கதை முறையில் முதல் நாள் ஒரு கயிற்றை நிலத்தில் விரிப்போம். பிறந்ததில் இருந்து இன்றுவரை அதுதான் வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். கயிற்றின் மிச்சத்தைச் சுருட்டி முனையில் வைக்க வேண்டும், அது இனி வரப்போகிற காலம்.

ஒரு பொடியன், 11 வயது. கல் வைத்தான், ஒன்றுக்குமேல் ஒன்றாக மூன்று, எல்லாம் ஒரே இடத்தில். டிசம்பர் 26. பூ ஒன்று வைத்தான், பட்டம் விட்டதுக்கு. நான் அடுத்ததைக் கேட்கும் முன் அவன் எழும்பிப் போய் முனையில் இருந்த சுருளைப் பிரித்து முழம் போட்டு அளக்கத் தொடங்கினான். 'என்ன மனே?' என்றேன்.

'இவ்வளவுதானா சேர்?'

கடையில் வாங்கும்போது நான்தான் காசு பார்த்து 5 யார் போதும் என்று வெட்டித் தரச் சொன்னேன். அடுத்த கிழமை 20 யார் வாங்கிக்கொண்டு போனேன். அவனை அதற்குள் வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள்.

---

தலைப்பில்லாதவன்:

எல்லாம் சரி, மேலே நர்ஸ் புகழ்ந்த பேராசிரியர் யார் என்பதையும் சொல்லுங்கள். புலிகளையும் சேர்த்து எல்லா ஆயுதக்காரரையும் குற்றம் சொன்ன 'முறிந்த பனை' புத்தகத்தை எழுதிய நாலு பேரில் ஒருவர். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டீர்கள். பிறகு அவுஸ்திரேலியா. எங்கட காயத்தை எழுதிவிட்டு அடிலெயிட்டில் போய் இருப்பது சுகம்.

---

பழைய நர்ஸ்:

தம்பி, அந்த நாலு பேரில் ராஜினி திராணகமவை 1989 செப்ரெம்பர் 21 அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டார்கள், 35 வயது. அதற்குப் பிறகும் யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்த மனிதரைத்தான் நீங்கள் ஓடிப்போனவர் என்கிறீர்கள். இடையில் கம்போடியாவுக்குப் போய் பொல் பொட் ஆட்சியின் படுகொலையில் தப்பிய சனத்துக்கு வேலை செய்துவிட்டுத் திரும்பியும் வந்தவர். எழுதியதில் உடன்பாடு இல்லை என்றால் எழுதியதோடு சண்டை பிடியுங்கள். தனி ஆளுக்கு மட்டும் இல்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் மனவடு வரும், நம்பிக்கை போய்விடும், அயலவனே அயலவனைச் சந்தேகிப்பான் என்று அவர் எழுதியதுக்கு நீங்களே இப்போது ஒரு உதாரணம் மாதிரித்தான் தெரிகிறது. கோபிக்காதீர்கள்.

---

தலைப்பில்லாதவன்:

கோபம் இல்லை. என்ர அண்ணனும் ஒருவன் இருக்கிறான். அதை இங்கே எழுத விருப்பமில்லை.

வடக்குவாசல், ஒரு விசயம். உங்கள் தம்பிக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி யாராவது கேட்டால் எடுக்காதீர்கள். 2016 இல் சட்டத்தைத் திருத்தி, காணவில்லை என்பதற்கே தனிச் சான்றிதழ் கொண்டுவந்துவிட்டார்கள். காணி, பாங்குக் கணக்கு அலுவலுக்கு அதைக் காட்டலாம், செத்துவிட்டான் என்று கையெழுத்துப் போடத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் கேளுங்கள். போகும்போது முறைப்பாட்டுத் துண்டு, அடையாள அட்டைப் பிரதி எல்லாம் இரண்டு இரண்டாகக் கொண்டுபோங்கள், ஒன்றைத் தொலைப்பார்கள்.

---

வடக்குவாசல்:

எல்லோருக்கும் நன்றி. தேத்தண்ணி விசயம் அம்மாவிடம் நடக்காது.

முதலில் எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். அன்றைக்குக் கிளினிக்கில் அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை. குளிசை எழுதித் தந்தார், அடுத்த திகதி தந்தார். பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம். புத்தூர்ச் சந்தி தாண்டும்வரை ஒரு கதையும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார், 'நீ இண்டைக்குச் சொன்னதை அவன் வந்தால் நான் அவனிட்டச் சொல்ல மாட்டன்.'

---

பழைய நர்ஸ்:

அடுத்த கிளினிக்குக்குப் போனீர்களா?

---

வடக்குவாசல்:

போனோம். அம்மா உள்ளே தனியாகப் போனார், என்னை வெளியே வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டு.