வியாழனில் தினமும் கிரகணமா?

தண்டையார்பேட்டை அப்பா:
2025 செப்டம்பர் 7 ராத்திரி சந்திர கிரகணத்தன்று என் பெண் கேட்டாள், "நமக்கு ஒரு நிலா, வியாழனுக்கு அத்தனை நிலா இருக்கே, அங்கே தினமும் கிரகணமாப்பா?" சாப்பிடக் கூடாது என்று கத்திய அம்மாவைச் சமாளிக்கும் சாக்கில் நழுவிவிட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காசிமேடு தம்பி:
கிட்டத்தட்ட தினமும்தான் அண்ணே. அயோ நிலா நாற்பத்திரண்டரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடும், ஒவ்வொரு சுற்றிலும் வியாழன் மேல் தன் நிழலைப் போட்டுவிட்டு, மறுபக்கம் போய் வியாழனின் நிழலுக்குள் மறையும். அந்த மறைவு, பூமி வியாழனை நெருங்கும்போது சீக்கிரமாகவும் விலகும்போது தாமதமாகவும் தெரிவதை வைத்துத்தான் 1676ல் ரோமர் என்ற டென்மார்க் வானியலாளர், ஒளி வந்து சேர நேரம் எடுக்கிறது என்று சொன்னார். வியாழனின் இன்னொரு பெரிய நிலாவான கலிஸ்டோ மட்டும் சில வருடங்கள் நிழலில் சிக்காமல் தப்பிக்கும்.

வியாசர்பாடி:
செவ்வாய் பாவம். அதன் நிலா ஃபோபோஸ் பூசணிக்காய் மாதிரி கோணல், சூரியனை முழுசாக மூடவும் முடியாது, அரை நிமிடம் போல குறுக்கே ஓடிவிடும். 2022ல் செவ்வாயில் ஓடும் நாசாவின் பெர்சிவரன்ஸ் வண்டி அதை வீடியோவே எடுத்தது.

தண்டையார்பேட்டை அப்பா:
சரி, இங்கிருந்து ஏதாவது தெரியுமா? துறைமுக வெளிச்சம் வேறு.

காசிமேடு தம்பி:
வியாழனுக்கு அந்த வெளிச்சமெல்லாம் தடையே இல்லை. பைனாகுலரைச் சுவரில் சாய்த்துப் பிடித்தால் நான்கு பெரிய நிலாக்களும் புள்ளிகளாகத் தெரியும். நிழல் பார்க்க டெலஸ்கோப் வேண்டும். அப்புறம், அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.